அப்பா போட்ட அரோகரா

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். முகமூடி போட்டுக்கொண்டு ஆகாயத்தில் பறக்கிறவர்களின் படம் எது வந்தாலும் முதல் வாரத்திலேயே போய்ப் பார்த்துவிடுகிறவன் நான். ஐம்பதைத் தாண்டிச் சில வருஷம் ஆகிறது. தலைக்கு மை தடவுவதையும் விட்டாயிற்று. இருந்தும் போகிறேன். சோளப்பொரி வாளியை மடியில் வைத்துக்கொண்டு, அரை நிஜார்களுக்கு நடுவே, கூட்டத்தில் ஒரே நரைத்த தலையாக உட்கார்ந்திருக்கிறேன். போன வருஷம் வாசலில் டிக்கெட் பார்த்த பையன், "பேரனைக் கூட்டிட்டு வரலையா சார்?" என்று அன்போடு கேட்டான். "உள்ள இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பேரன் கிடையாது. படம் முடிந்து வரும்போது அவன் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்து, கார் நிறுத்துமிடத்து வழியாக நழுவினேன். எனக்குக் காரும் கிடையாது.

இலக்கியக் கூட்டங்களில் என்னை ஆழ்ந்த வாசிப்பும் நகைச்சுவை உணர்வும் கொண்டவர் என்று அறிமுகப்படுத்துவார்கள். அந்த ஆழ்ந்த வாசிப்புக்காரன், ரப்பர் உடுப்புப் போட்ட ஒருவன் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்போது கைக்குட்டையைத் தேடுகிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இந்த வியாதி எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சியில். 'எங்கப்பா இங்கிலீஷ் படத்துக்கு அரோகரா போட்ட கதை' என்று அதைப் பல மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மேடையில் சொல்லும்போது ஒரு பகுதியை விட்டுவிடுவது வழக்கம். அதைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அந்தப் பகுதி என் அண்ணன்.

எனக்கும் அவனுக்கும் எட்டு வயது வித்தியாசம், நடுவில் அக்கா. அவனுக்கு மலையின் பெயரையே வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் அது ஒரு பெயரே இல்லை, ஊருக்குப் பொதுவான ஓர் ஏற்பாடு. அவன் வகுப்பில் மட்டும் நாலைந்து அண்ணாமலைகள் இருந்தார்கள்; வாத்தியார் அவர்களை உயரத்தை வைத்தும் நிறத்தை வைத்தும் பிரித்துக் கூப்பிடுவார். அதனால் வீட்டில் அவன் 'பெரியவன்'. அப்பா மட்டும், அதுவும் கோபம் வந்தால் மட்டும், முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். பெரியவன் என்றால் சாப்பாடு, அண்ணாமலை என்றால் அடி என்று நாங்கள் புரிந்துவைத்திருந்தோம்.

அவனுக்குப் படக்கதைப் புத்தகம் என்றால் உயிர். அதிலும் தணல் வீரன் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தணல் வீரன் உள்ளங்கைகளைத் தேய்த்தால் அவை அடுப்புக் கரி போலக் கனியும். அந்தக் கைகளோடு பறப்பான், கொள்ளைக்காரர்களின் துப்பாக்கியைப் பிடித்து வெல்லப்பாகு மாதிரி உருக்குவான், கடைசிப் பக்கத்தில் யாரையாவது அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். மட்டமான தாள், அதைவிட மட்டமான அச்சு. அவனுடைய சிவப்புப் போர்வை எப்போதும் தோளைவிட்டு அரை அங்குலம் தள்ளியே பறக்கும். அண்ணன் அந்தப் புத்தகங்களை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருந்தான். எனக்கு வாசித்துக் காட்டுவான். வில்லனுக்கு ஒரு குரல், வீரனுக்கு ஒரு குரல். எனக்கு எழுத்துக் கூட்ட வந்த பிறகும் அவன்தான் வாசிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பேன்.

அப்பா மல்லாட்டை மண்டியில் எடை போடுகிறவர். வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பதை நாங்கள் மல்லாட்டை என்போம். காலையிலிருந்து சாயங்காலம்வரை மூட்டைகளுக்கு நடுவே நின்று தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. சினிமா அவருக்கு ஆகாது. ஜனங்கள் இருட்டில் கூட்டமாகக் கூடி ஒரே பக்கம் பார்க்கிற இடம் கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் மட்டும்தான் இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி.

அண்ணன் பத்தாம் வகுப்பில் தேறவில்லை. முடிவு வந்த அன்று அப்பா அந்த டின்னைக் கண்டுபிடித்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், வெந்நீர் அடுப்பின் முன்னால் குந்தி, ஒவ்வொரு புத்தகமாக உள்ளே வைத்தார். வைப்பதற்கு முன் ஒவ்வொரு அட்டையையும் ஒரு தரம் பார்த்தார், எடை சரியா என்று பார்ப்பதுபோல. அண்ணன் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு வெந்நீர் நன்றாகச் சுட்டது. நான்தான் அதில் குளித்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் இல்லை.

அவன் வரவேயில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் வந்துவிடுவான் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். அப்படிக் காத்திருந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே போதும்.

போலீஸ் ஸ்டேஷனில் பெயரைக் கேட்டதும் ஏட்டு பேனாவை மூடிவிட்டாராம். இந்த ஊரில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும், இதில் எவனென்று நாங்கள் தேடுவது, வேறு ஏதாவது அடையாளம் சொல்லுங்கள் என்றாராம். அப்பா யோசித்திருக்கிறார். தழும்பு இல்லை, மச்சம் நினைவில் இல்லை. கடைசியில், "படக்கதை படிப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார். ஏட்டு அதை எழுதிக்கொள்ளவில்லை.

எனக்குச் சொல்லப்பட்ட கதை வேறு. பெரியவன் பெங்களூரில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கிறான். எனக்கு அவன்மேல் கடுங்கோபம். பெங்களூர் மாதிரி ஊரில் இருந்துகொண்டு தம்பிக்கு ஒரு படக்கதைப் புத்தகம்கூட அனுப்பாதவன் என்ன அண்ணன்? அப்பா அவ்வப்போது பெங்களூர் போகிறேன் என்று கிளம்பி, ஓரிரண்டு நாள் கழித்துத் தாடியோடு திரும்புவார். நான் ஓடிப்போய்ப் பையைத் துழாவுவேன். காட்பாடி, விழுப்புரம் என்று ரயில் நிலையம் ரயில் நிலையமாகப் படுத்திருக்கிறவர்களின் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு வந்த மனிதரின் பை அது. அதற்குள் தணல் வீரன் இல்லையே என்று காலை உதைத்துக்கொண்டு அழுவேன்.

மறு வருஷம், மண்டிக்கு எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். தணல் வீரனைச் சினிமாவாக எடுத்திருந்தார்கள். படம் சீமையிலிருந்து மதராஸுக்கு வந்து, அங்கே ஓடித் தேய்ந்து, வேலூரில் இன்னும் கொஞ்சம் தேய்ந்து, கடைசியில் எங்களுக்கு வந்திருந்தது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சிவப்புப் போர்வையையும் கனிந்த கைகளையும் அவருக்குத் தெரியும். ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துத்தானே அடுப்பில் வைத்தார்.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. பையன் எந்த ஊரில் இருந்தாலும் இந்தப் படத்துக்கு மட்டும் வராமல் இருக்கமாட்டான். மதராஸில் இருந்திருந்தால் எப்போதோ பார்த்து முடித்திருப்பான் என்பது, சினிமாவே பார்க்காதவருக்குத் தெரிய நியாயமில்லை. கார்த்திகை தீபம் மாதிரி, படத்தையும் எங்கள் ஊருக்கு வந்துதான் பார்க்கவேண்டும் என்று நினைத்துவிட்டார்போல.

வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை சின்னவனைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போகிறேன் என்றார். அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு, "போயிட்டு வாங்க" என்றாள், கோயிலுக்குப் போகிறவரிடம் சொல்வதுபோல. அக்கா தானும் வருவேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். என்னை ஏன் கூட்டிப்போனார் என்பது பிற்பாடு, ஏரிக்கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது புரிந்தது. அப்பாவைக் கண்டால் அண்ணன் ஓடிவிடுவான். தம்பியைக் கண்டால் நிற்பான். தூண்டிலின் நுனியில் இருந்த புழு நான். புழு அன்றைக்குத் தலை நிறைய எண்ணெய் தடவிக்கொண்டு, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியது.

படத்தின்மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அந்தக் கொட்டகையின் லட்சணம் அப்படி. முந்தின வருஷம் 'கடலடி பூதம்' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டி, உள்ளே போனால் வெள்ளைக்காரர்கள் மீனை உப்புப் போட்டுப் பதப்படுத்துவதைக் காட்டியிருந்தார்கள். அதுபோக, என் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவனின் அப்பா அந்தக் கொட்டகையில்தான் சோடாக் கடை வைத்திருந்தார். அவன் எல்லாப் படத்தையும் எனக்கு முன்னால் பார்த்துவிட்டு வயிற்றெரிச்சல் கிளப்புவான்.

"போவாதடா. கொஞ்சூண்டுதான் பறக்கறான். மீதியெல்லாம் வெள்ளக்காரனுங்க உக்காந்து பேசறதுதான் ஜாஸ்தி. அதுவும் பறக்கற ரீலு பாதி வேலூர்லயே அறுந்துபோச்சாம்" என்றான்.

நான் வேறொன்றுக்கும் பயந்தேன். அப்பா இடைவேளையிலேயே எழுந்து, போதும் வா என்று சொல்லிவிடுவார். அதனால் பாதிப் படத்துக்கு மட்டும் மனசைத் தயார்செய்துகொண்டு போனேன்.

உள்ளே போனதும் அப்பா செய்த காரியம் எனக்குப் பிடிபடவில்லை. பின்னால் நல்ல இடம் காலியாக இருக்க, பெஞ்சு வகுப்பிலேயே முதல் பெஞ்சுக்கு, அதுவும் ஓரத்துக்குப் போனார். திரை எங்கள் மூக்குக்கு மேலே நின்றது. என்னைத் திரையைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு, அவர் பெஞ்சின் குறுக்கே காலைப் போட்டு, சுவரில் சாய்ந்து, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வாசலில் ஆள் வரும்போதெல்லாம் அவர் கழுத்து நீண்டது. அப்பாவுக்குக் கண் கூசும் போல என்று நினைத்தேன்.

விளக்கை அணைத்தார்கள். படம் தொடங்கியது.

நான் எத்தனையோ புத்தகங்கள் படித்தாயிற்று. உலகத்துப் பெரிய படங்கள் என்கிறவற்றையெல்லாம் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தாயிற்று. அந்த மத்தியானத்துக்கு நிகராக ஒன்று எனக்கு வாய்த்ததில்லை. நிஜமாகவே பறந்தான். கயிறு தெரியவில்லை. சிவப்புப் போர்வை தோளைவிட்டுத் தள்ளிப் போகாமல், தோளிலேயே ஒட்டிக்கொண்டு பறந்தது. எனக்கு அதுவே பெரிய அதிசயம். உள்ளங்கையைத் தேய்க்கிறான், முதலில் விரல் நுனி சிவக்கிறது, பிறகு ரேகை ரேகையாக வெளிச்சம் ஓடுகிறது. கொட்டகையே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை. அதனால் அவரவர் ஒரு வசனம் போட்டுக்கொண்டார்கள். வங்கிக்குள் கொள்ளைக்காரர்களுக்கு நடுவே அவன் வந்து இறங்கி ஏதோ சொன்னபோது, தரை டிக்கெட்டிலிருந்து ஒருவர் அவனுக்காக, "இன்னாடா, வெச்சுட்டுப் போறீங்களா, சுட்டுடட்டுமா?" என்று சொல்ல, அதுதான் அவன் சொன்னது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பேசிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் வந்தார்கள்தான். ஆனால் அவர்கள்கூட நன்றாகத்தான் பேசினார்கள்.

அண்ணன் இல்லையே என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, அவனுக்கென்ன, பெங்களூரில் நல்ல கொட்டகையில் பார்த்திருப்பான் என்று பொருமிக்கொண்டு திரும்பவும் படத்துக்குள் போய்விட்டேன்.

இரண்டாவது பெஞ்சுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. எதிரே ஒரு மனிதர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் படம் ஓடும்?

"யோவ், படம் அங்க ஓடுது. எங்க மூஞ்சிய என்னா பாத்துக்கினு இருக்க?"

"பரவால்லீங்க, நீங்க பாருங்க" என்றார் அப்பா, பணிவாக. பக்கத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவின் முழங்கையைப் பிடித்து, அந்தப் பக்கம் பாருங்க, பறக்கிறான், என்று திருப்பப் பார்த்தேன். அவர் ஒரு தரம் திரும்பிப் பார்த்து, "ம், பறக்கறான்" என்று ஒப்புக்கொண்டு, மறுபடியும் ஜனங்களிடம் போய்விட்டார்.

இடைவேளையில் அவர் கிளம்பச் சொல்லவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். என் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகை முழுக்க நடந்தார். தரை டிக்கெட், சேர் டிக்கெட், சோடாக் கடை, மூத்திர வாடையடிக்கிற அந்தப் பின்பக்கம், எல்லா இடமும். சுருட்டை முடியோடு, சற்று ஒல்லியாக, பின்பக்கம் காட்டி நிற்கிற பையன் எவனைக் கண்டாலும் கிட்டே போய்த் தோளைத் தொடுவார். அவன் திரும்புவான். அப்பா அவனை ஒரு நொடி பார்த்துவிட்டு, "மணி என்னாப்பா?" என்று கேட்பார். ஒருவன் கையிலும் கடிகாரம் இல்லை. கடிகாரம் கட்டிய பெரியவர்கள் பக்கத்திலேயே நிற்க, ஏன் இப்படிப் பையன்களாகப் பார்த்து மணி கேட்கிறார் என்று எனக்கு எரிச்சல். அவர் எனக்கு ஒரு கலர் சோடா வாங்கித் தந்தார். கேட்காமலே வாங்கித் தந்தது அதுதான் முதல் தடவை. என் வகுப்புக்காரன் கடைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தான். படம் எப்படி என்று அவனுக்கு நான் தலையை ஆட்டிக் காட்டினேன். நீ ஒரு புளுகன் என்பதும் அந்த ஆட்டலிலேயே இருந்தது.

இனி நான் மேடையில் சொல்கிற இடம்.

படத்தின் முடிவில், மலைகளுக்கு நடுவே மூடுபனி. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு விமானம் வழி தெரியாமல் சுற்றுகிறது. கீழே தாய் தகப்பன்மார் அண்ணாந்து நிற்கிறார்கள். தணல் வீரனுக்குச் சக்தி போய்விட்டது, பறக்க முடியவில்லை. கையால் பற்றிப் பற்றி மலை ஏறுகிறான். உச்சியில் போய் நிற்கிறான். திரை முழுக்க இருட்டு, அதில் கூம்பு மாதிரி கறுப்பாக ஒரு மலை. எங்கள் மலையைத்தான் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களோ என்றிருந்தது. அவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிச் சேர்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்தக் கைகளிலிருந்து தீ குபீரென்று எழுந்தது.

மலை உச்சியில் இருட்டில் தீ எழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தரை டிக்கெட்டில் ஒரு பெண்குரல்தான் முதலில், "அண்ணாமலைக்கு" என்று இழுத்தது. அவ்வளவுதான். மொத்தக் கொட்டகையும் எழுந்துவிட்டது. பீடியை மிதித்து அணைத்தவர்கள், செருப்பைக் கழற்றியவர்கள், தூங்குகிற குழந்தையை எழுப்பித் தூக்கிக் காட்டியவர்கள். எல்லாக் கைகளும் தலைக்கு மேலே. அரோகரா என்ற சத்தத்தில் தகரக் கூரை கடகடவென்று ஆடியது. திரையில் எரிந்த தீயின் வெளிச்சம் விழுந்து, இருட்டில் அதுவரை வெறும் தலைகளாக இருந்த ஜனங்கள் எல்லாரும் ஒவ்வொரு முகமாகத் தெரிந்தார்கள்.

அப்போது எங்கப்பா, சினிமாவே ஆகாதவர், பெஞ்சின் மேல் ஏறி நின்றார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். வேட்டி அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. தொண்டை நரம்பு புடைக்க, "அண்ணாமலை" என்று அவர் கத்தியதை நான் என் காதால் கேட்டேன். மீதியைக் கூட்டத்தின் சத்தம் விழுங்கிவிட்டது. இன்னொரு தரம் கத்தினார். இன்னொரு தரம். நானும் பெஞ்சில் ஏறி, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து கத்தினேன். அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்தது என் நினைவில் அது ஒன்றுதான்.

விமானம் தீயைப் பார்த்துத் திரும்பி இறங்கியது. பிள்ளைகள் ஓடிப்போய்த் தாய் தகப்பன்மாரைக் கட்டிக்கொண்டார்கள். அப்பா இன்னும் பெஞ்சின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். உட்காருய்யா, மறைக்குது, என்று பின்னாலிருந்து யாரோ சொன்ன பிறகு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து மல்லாட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக உரித்து என் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். தான் ஒன்றும் தின்னவில்லை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழவில்லை. அம்மா வாசலில் நின்றாள். அப்பா காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். நான் கூடத்தின் நடுவில் நின்று முழுப் படத்தையும் நடித்துக் காட்டினேன். அம்மாவின் சிவப்புச் சேலையைத் தோளில் முடிந்துகொண்டு பறந்தேன், மலை ஏறினேன், இரண்டு கைகளையும் தூக்கி நின்றேன், விமானத்தில் வந்த பிள்ளைகளாகவும் அவர்களுடைய தாய்மார்களாகவும் மாறிமாறி ஓடிவந்து கட்டிக்கொண்டேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். என் நடிப்பின்மேல் எனக்கு வந்த நம்பிக்கை அன்றைக்கு வந்ததுதான். பிற்காலத்தில் நான் மேடை ஏறியதற்கும், பலர் அதைச் சகித்துக்கொள்ள நேர்ந்ததற்கும் அதுவே காரணம்.

அதற்குப் பிறகும் அந்தக் கொட்டகைக்கு ஆகாயத்தில் பறக்கிறவர்களின் படம் எது வந்தாலும் அப்பா போனார். என்னையும் கூட்டிப்போனார். அவருக்கு அந்த மாதிரிப் படங்கள் பிடித்துவிட்டன என்று நினைத்து, வகுப்பில் பெருமை அடித்துக்கொண்டேன்.

பதின்மூன்று வயதில்தான் அக்கா என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். பெங்களூரில் எங்களுக்கு மாமாவே கிடையாது. அம்மா கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஒற்றைப் பெண் என்பதை அதுவரை நான் யோசித்துப் பார்த்ததில்லை. முதல் பெஞ்சு, மணி கேட்டது, என்னைக் கூட்டிப்போனது எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. விளங்கிய எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். ஒரு நிமிஷத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் தேடத்தான் வந்தார், சரி. ஆனால் மலைமேல் தீ எழுந்ததே, அந்த நேரத்தில் மனிதர் எல்லாவற்றையும் மறந்து பெஞ்சில் ஏறி அரோகரா போட்டாரே. அது என் கண்ணால் பார்த்தது. அவருக்கு இருந்த துக்கத்தையே ஒரு நிமிஷம் கீழே இறக்கிவைக்கச் செய்த படம் சாதாரணப் படமாக இருக்க முடியாது. இதை நம்பித்தான் இத்தனை வருஷமாக அந்த மாதிரிப் படங்களுக்கு அழுது தொலைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இடைவேளையில் விளக்குப் போட்டதும் நான் எழுந்து திரும்பி நின்று இடுப்பை நிமிர்த்துவது உண்டு. பக்கத்தில் இருப்பவர்கள் வயசானவருக்கு முதுகுவலி என்று நினைத்துக்கொள்வார்கள். அண்ணன் இருந்தால் அவனுக்கு இப்போது அறுபது தாண்டியிருக்கும். கூட்டத்தில் ஒரே நரைத்த தலை என்னுடையது என்று முதலில் சொன்னேன் அல்லவா, அது பார்த்துவிட்டுச் சொன்னதுதான்.

அப்பா போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. போன வருஷம் எங்கள் ஊரிலேயே ஒரு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். வழக்கம்போல அரோகராக் கதையைச் சொன்னேன். உள்ளூர் அல்லவா, வேறெந்த ஊரையும்விடப் பிரமாதமாகச் சிரித்தார்கள். பெஞ்சில் ஏறும் இடத்தில் நானே நாற்காலியில் ஏறிக் கையைத் தூக்கிக் காட்டினேன். கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்ட அக்கா முதல் தடவையாக என் பேச்சைக் கேட்க வந்து, முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. காது மந்தம், சரியாகக் கேட்டிருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

விழா முடிந்து அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். போட்ட பொன்னாடையை அவளிடமே கொடுத்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, அன்றைக்குச் சாயங்காலம் நான் கூடத்தில் பறந்துகொண்டிருந்தபோது, அப்பா அடுப்பங்கரைக்கு வந்து அம்மாவிடம் பேசியதைத் தான் பக்கத்தில் இருந்து கேட்டதாகச் சொன்னாள். "வெளிச்சம் வந்துச்சு, எல்லா மூஞ்சியும் தெரிஞ்சுது, கூப்ட்டுப் பாத்தேன், அந்தச் சத்தத்துல அவனுக்கு எப்படிக் கேக்கும்" என்றாராம். ஏட்டு சொன்னதுபோல யாராவது திரும்பிப் பார்த்திருந்தாலாவது தேவலை, ஒருத்தரும் திரும்பவில்லையாம்.

பஸ் வந்தது. அக்கா படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"நீ சொன்னதுல பாதி நெசந்தான்டா. அண்ணாமலைன்னுதான் கத்துனாரு. அரோகரா மட்டும் நீயா சேத்துக்கிட்டது."